இரும்புக்கடைத் தராசு

ஜன்னல் பக்கம் நான் உக்காந்துக்கறேன்க்கா, தப்பா நெனைக்காதீங்க. புள்ளைக்கு வாந்தி வரும். பஸ்ஸுனால இல்ல, பஸ்ஸு அவளுக்கு ஒண்ணும் செய்யாது. காலைல குடுத்த கூழு இன்னும் தொண்டைக்கும் வயித்துக்கும் நடுவுலதான் நிக்கிது, எந்நேரம்னாலும் வந்துரும். பை கையிலயே வச்சிருக்கேன். உங்க சேலைல படாது, பயப்படாதீங்க.

நீங்களும் மதுரைதானா? நல்லதாப் போச்சு. நாங்க பெரிய டாக்டரைப் பாக்கப் போறோம். அருப்புக்கோட்டை டாக்டருங்க பாத்தது போதும். புள்ளைக்கு நாலு முடிஞ்சிருச்சு. பேரு பவதாரிணி, நாங்க தாருன்னு கூப்புடுறது. பாத்தா மூணு வயசு மாதிரி இல்ல? இல்லயா? நாலுன்னேதான் நெனைச்சீங்களா? சும்மா எனக்காகச் சொல்லாதீங்கக்கா. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. முகத்துக்கு நேரா நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போயிருவாங்க. எடை போட்டுப் பாக்குறவளுக்குல்ல தெரியும்.

அது எங்க வீட்டுக்காரரு போனு. அடிக்கட்டும். ஏறினதுல இருந்து அடிச்சுக்கிட்டேதான் இருக்காரு. சொல்லாமத்தான் கெளம்பி வந்திருக்கேன். சொன்னா விட்டிருக்க மாட்டாரு.

கெட்டவருன்னு நெனைச்சுராதீங்க. தங்கமான மனுசன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பழைய இரும்புக் கடை வச்சிருக்கோம். இரும்பு, பேப்பர், பிளாஸ்டிக்கு எல்லாம் எடுப்போம். கடைக்குப் பின்னாலயே வீடு. குடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு. என்ன வேணும்னு கேக்குறதுக்கு முன்னாடி வாங்கிட்டு வந்து வைப்பாரு. யாவாரத்துல அவ்வளவு ராசி. நான் சொன்னா நம்ப மாட்டீங்க, எங்க குடோன்ல கெடக்குற சரக்கு தானா வளரும்க்கா. நெசமா. நம்ம தராசுல நிறுத்து வாங்கிப் போடுவோம். மில்லுக்காரன் லாரி வந்து ஏத்திக்கிட்டுப் போய் எடை மேடையில போட்டா, வாங்கினதை விட எப்பவும் கூடத்தான் இருக்கும். ஒரு தடவையாவது கொறையணுமே? கொறைஞ்சதே இல்ல. நான்தான் வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை தராசுக்குப் பொட்டு வச்சு சூடம் காட்டுவேன். அந்த மாரியாத்தா குடுக்குறதுன்னு அவருகிட்டச் சொன்னா, சரி சரின்னு சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போயிருவாரு. பெருமை பேசத் தெரியாத மனுசன்.

அந்த வீட்டுல இரும்பு வளருதுக்கா. பேப்பர் வளருது. ஓட்டை டப்பா வளருது. பெத்த புள்ள மட்டும் வளர மாட்டேங்குறா.

எப்படித் தெரிஞ்சதுன்னா, போன ஆடி மாசம். ஒரு நாள் காலைல குளிப்பாட்டித் துவட்டி விட்டேன். கடை இன்னும் தெறக்கல. இவ அம்மணக் குண்டியோட ஓடிப்போய்க் கடைத் தராசு மேல ஏறி நின்னுக்கிட்டா. பிளேட்டு வச்ச பெரிய தராசு, செவப்பு எழுத்துல நம்பர் எரியும்ல, அது. அம்மா என்னைய நிறுத்துப் பாருன்னா. நானும் சிரிச்சுக்கிட்டே பாத்தேன். பன்னெண்டு கிலோ சொச்சம். மறுபடி எறக்கி ஏத்திப் பாத்தேன். ஏன்னா அதுக்கு முந்தின வாரந்தான் பால்வாடி டீச்சர் நிறுத்துப் பாத்துட்டு, பதினஞ்சு இருக்கா, ஜம்முன்னு இருக்கான்னு சொல்லி அனுப்பிச்சாங்க. ஒரு வாரத்துல மூணு கிலோ போச்சுன்னா அந்தப் புள்ள எங்க போய் நிக்கும், நீங்களே சொல்லுங்க.

அவருகிட்ட ஓடினேன். பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தாரு. சொன்னதும் பிரஷை வாயில வச்சபடியே என்னைப் பாத்தாரு. மொகம் வெளுத்துப் போச்சு. "எந்தத் தராசுல போட்ட?"ன்னாரு. நம்ம தராசுலதான்னேன். "புள்ளைய அதுல ஏத்தாதே"ன்னாரு. ஏங்க? "அழுக்கு. துரு. கால்ல குத்திரும். ஏத்தாதேன்னா ஏத்தாதே." அதோட சரி. புள்ளைக்கு மூணு கிலோ கொறைஞ்சிருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கல. கால்ல துரு குத்துதாம்!

அப்பவே ஒரு பயம் வந்து உள்ள உக்காந்துக்கிச்சுக்கா. அது இன்னும் எறங்கல.

சரி, டீச்சருதான் கணக்குக்காகக் கூட்டிச் சொல்லுறாங்கன்னு நெனைச்சுக்கிட்டேன். ஊரெல்லாம் இப்ப அப்படித்தான் இருக்கு. எங்க அரிசிக் கடை அண்ணாச்சியவே எடுத்துக்கங்க. இருபத்தஞ்சு கிலோ மூட்டைன்னு குடுத்தாரு. எதுக்கும் பாப்போமேன்னு நம்ம தராசுல தூக்கி வச்சேன். இருபதுதான் காட்டுது. அஞ்சு கிலோ! விடுவேனா? கடை வாசல்லயே நின்னு நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். அண்ணாச்சி எங்க வீட்டுக்காரரையே பாத்துக்கிட்டு நின்னாரு. எங்க வீட்டுக்காரரு என்ன பண்ணாரு தெரியுமா? என் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டாரு. அப்புறம் தனியாப் போய் அண்ணாச்சிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டும் வந்தாராம். ஏமாத்தினவன்கிட்ட ஏமாந்தவன் மன்னிப்புக் கேக்குறான். அவ்வளவு அப்புராணி.

கடைக்கு வர்றவளுக வேற. அஞ்சுகம்னு ஒருத்தி, வீடு வீடாப் போய்ப் பேப்பர் சேத்துக்கிட்டு வருவா. மளிகைக் கடையில நிறுத்தப்ப பன்னெண்டு கிலோ இருந்துச்சு, இங்க வந்தா எப்படி ஒம்பதரையாச்சுன்னு தெருவே பாக்கக் கத்துனா. நான்தான் வெளிய வந்து வாங்கு வாங்குன்னு வாங்கினேன். பேப்பர்ல தண்ணி தெளிச்சுக் கொண்டாறது இவளுக. கட்டுக்குள்ள செங்கல்லை வைக்குறது இவளுக. அதைக் கண்டுபுடிச்சு எடுத்துப் போட்டா எங்களைச் சொல்றது. எங்க தராசு கவர்மெண்டு முத்திரை போட்ட தராசுக்கா. ஆபீசருங்க வருசா வருசம் வந்து பாத்துட்டுத்தான் போறாங்க. அவங்க வர்றப்ப இவரு உள்ள இருந்து புதுத் தராசை எடுத்து வைப்பாரு, பழசு அழுக்கா இருக்கு, பெரிய மனுசங்க கை வைக்கக் கூடாதுன்னு. மரியாதை தெரிஞ்சவரு.

அதனால நான் அந்தத் தராசை மட்டுந்தான் நம்புனேன். தெனமும் காலைல கடை தெறக்குறதுக்கு முன்னாடி, அவரு டீ குடிக்கப் போற நேரமாப் பாத்து, இவளை ஏத்தி நிறுத்துவேன். தாயத்து, கொலுசு, அரணாக்கயிறு எல்லாத்தையும் கழட்டிட்டுத்தான். அதுக கனத்தைப் புள்ளைக் கனம்னு நெனைச்சு ஏமாந்துறக் கூடாதுல்ல. ஏறவே ஏறாது. அதே பன்னெண்டு. ஒரு நாள் நூறு கிராம் கூடும், மறுநாள் எறங்கிரும். அந்த நம்பரு நிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு செகண்டு ஆடும் பாருங்க, அப்ப மாரியாத்தா மாரியாத்தான்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். நின்னதும் அழுதுருவேன். புள்ள முன்னாடி அழக் கூடாதுன்னுதான் நெனைப்பேன். முடியாதுக்கா. நீங்க பெத்தவங்கதானே, உங்களுக்குத் தெரியாதா?

மறுபடியும் அடிக்குறாரு பாருங்க. காலைல ஒரு தடவை எடுத்தேன். என்ன சொன்னாரு தெரியுமா? "வீட்டுக்கு வா, அந்தத் தராசைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்"ங்குறாரு. நான் புள்ள உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு பஸ் ஏறுறேன், இவருக்குத் தராசு! கட் பண்ணிட்டேன்.

எங்க விட்டேன்? ஆங், சாப்பாடு. என்னதான் குடுக்கலைன்னு கேளுங்க. காலைல நெய் விட்டு கேப்பைக் கூழு, பத்து மணிக்கு முட்டை, அப்புறம் பருப்புச் சோறு, சாயந்தரம் நேந்திரம்பழம், சத்துமாவு. முதல்ல நல்லாத்தான் சாப்புட்டா. தட்டைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்து வீட்டுப் புள்ளைகளோட உக்காந்து தானே அள்ளித் திம்பா. நான்தான் நாலு பேரு கண்ணு படும், அதான் ஒட்ட மாட்டேங்குதுன்னு உள்ள தூக்கிட்டு வந்து கதவைச் சாத்திட்டு ஊட்ட ஆரம்பிச்சேன். அதுல இருந்து வாயே தெறக்க மாட்டேங்குறா. பல்லைக் கடிச்சுக்குவா. நானும் என்ன பண்றது? ரெண்டு முட்டிக்கும் நடுவுல இறுக்கி உக்கார வச்சு, மூக்கைப் புடிச்சா வாய் தெறக்கும்ல, அப்ப ஊத்துவேன். பாதி உள்ள போகும், பாதி வெளிய வரும். சில நாளு போனதும் வந்துரும். வந்ததை அளந்து பாத்து மறுபடி அவ்வளவு ஊத்துவேன். அவ நல்லதுக்குத்தானே? இப்பல்லாம் தட்டுச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்ப் பேப்பர்க் கட்டுகளுக்கு நடுவுல புகுந்துக்குறா. காலைப் புடிச்சு இழுத்துட்டு வர வேண்டியிருக்கு. பசியே எடுக்கலைன்னா அது நோய்தானே?

அவரு ஒரு நாள் புதுசா ஒரு தராசு வாங்கிட்டு வந்தாரு, வீட்டுல கண்ணாடி மாதிரி கீழ போட்டு ஏறி நிப்பாங்களே, அது. "இதுல போட்டுப் பாரு, புள்ள பதினஞ்சு இருக்கா, போதுமா?"ன்னாரு. பாத்தேன், பதினஞ்சுதான் காட்டுச்சு. எனக்குப் புரிஞ்சு போச்சு. கடைக்காரன்கிட்டச் சொல்லிக் கூட்டி வைக்கச் சொல்லிருக்காரு, என்னைச் சமாதானப்படுத்த. "தராசுல கூட்டிக் கொறைக்க முடியுமாங்க?"ன்னு கேட்டேன். அப்படியே நின்னாரு. பொய் சொல்லத் தெரியாது அவருக்கு, மொகத்துலயே காட்டிக் குடுத்துரும். அதைத் தூக்கிப் பழைய இரும்போட போட்டுட்டேன்.

டாக்டரம்மாகிட்டயும் போனோம். அவங்களும் பதினஞ்சுதான்னாங்க. வயசுக்குச் சரியான எடை, நல்லா ஓடியாடுறா, திணிக்காதீங்க, அவளா கேக்கும்போது குடுங்கன்னாங்க. அவளா கேட்டா நான் ஏன் ஆஸ்பத்திரிக்கு வரேன்? பெரிய படிப்புப் படிச்சவங்க, மெஷினைச் சரி பண்ணி வைக்க மாட்டாங்களா? எங்க தராசுல பன்னெண்டுதாம்மா காட்டுதுன்னேன். அப்ப உங்க தராசைச் சரி பாருங்கன்னு சிரிச்சாங்க. கூட வந்த எங்க வீட்டுக்காரரு தலையைக் குனிஞ்சவரு நிமிரவே இல்ல. அவருக்கு எவ்வளவு அவமானமா இருந்திருக்கும்! முப்பது வருசமா அவங்க அப்பா காலத்துல இருந்து எடை போட்டுப் பொழைக்குற குடும்பம்.

இதைச் சொல்லணுமா வேணாமான்னு தெரியல. சொல்லிடறேன்.

போன மாசம் ஒரு நாள் நிறுத்துப் பாத்தேன், நம்பரு ஏறியிருக்குக்கா! அரைக் கிலோவுக்கு மேல! எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. மாரியாத்தான்னு தரையில விழுந்து கும்பிட்டேன். இவ தராசு மேல கம்முன்னு நின்னுக்கிட்டு, கவுனை ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு என்னையே பாக்குறா. அன்னிக்குன்னு குளிருதுன்னு கவுனோட ஏத்தியிருந்தேன். தூக்கி எறக்கினா, சலசலன்னு சத்தம். கவுன் பையில கையை விட்டா, நட்டு, போல்ட்டு. ரெண்டு பை நெறைய. கடையில கெடந்ததைப் பொறுக்கிப் போட்டுக்கிட்டு வந்து நின்னுருக்கா. பேப்பர்க் கட்டுக்குள்ள செங்கல் வைக்கிறவளுகளைப் பாத்துப் பாத்து வளந்த புள்ள இல்லையா. ஏன்டி இப்படிப் பண்ணேன்னு கேட்டா, "நீ அழுவாதம்மா, நான் கனமாயிட்டேன்"ங்குறா.

அடிச்சுட்டேன்க்கா. அடிச்சுட்டு நான்தான் அழுதேன். அவ அழல.

அதுக்கப்புறம் மறுபடி டாக்டரம்மாகிட்டத் தூக்கிட்டுப் போனேன். இந்தத் தடவை அவங்க மெஷின்லயே பதினாலுக்குக் கீழ எறங்கிருச்சு. அவங்களுக்கே சிரிப்பு வரல. "நாலு மாசத்துல கொறைஞ்சிருக்கே, இவளை என்னம்மா பண்றீங்க வீட்டுல?"ன்னு என்னையே கேக்குறாங்க. நான் ஆடியிலயே சொன்னேனே! சொன்னப்ப சிரிச்சாங்க. எங்க தராசு அப்பவே காட்டிச்சு, இவங்க மெஷினுக்கு இப்பத்தான் தெரியுது. எங்க தராசுல பதினொண்ணுக்கு வந்துருச்சு. டாக்டரம்மா அவரைத் தனியாக் கூப்புட்டு ரொம்ப நேரம் பேசினாங்க. என்ன சொன்னாங்கன்னு கேட்டா, ஒண்ணுமில்லைங்குறாரு.

ஒண்ணுமில்லைன்னா தனியா எதுக்குக் கூப்புடணும்?

நேத்து சாயந்தரம் என்னால தாங்க முடியல. கடையை அடைச்சுட்டு வந்து உக்காந்தாரு. புள்ளையத் தூக்கி அவரு மடியில வச்சேன். ஏங்க, ஒண்ணு ஆஸ்பத்திரி மெஷினு பொய்யி, இல்ல நம்ம தராசு பொய்யி. ரெண்டுல எது? நம்ம தராசு சரியான தராசுதான்னு புள்ள தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணுங்க, நான் இனிமே உங்களை ஒண்ணும் கேக்கலைன்னேன். எதுக்குக் கேட்டேன்? சும்மா, மனசுக்கு ஒரு புடிமானம் வேணும்னுதான். அவரு பண்ணிருவாருன்னுதான் கேட்டேன். கையத் தூக்குனாருக்கா. தூக்கின கை புள்ள தலைக்கு மேல அப்படியே நிக்கிது. வைக்கல. எடுத்துட்டாரு. புள்ளைய என்கிட்டக் குடுத்துட்டுக் குடோன்குள்ள போய் மூட்டை மேல உக்காந்துக்கிட்டு, வாயில துண்டை வச்சு அடைச்சுக்கிட்டு அழுவுறாரு. கல்யாணமாகி அவரு அழுது நான் பாத்ததில்ல.

நீங்களே சொல்லுங்க. தராசு சரின்னு சொல்ல என்ன கஷ்டம்? ஒரு வார்த்தை. அதுக்குப் புள்ள தலையில கை வைக்க ஏன் பயப்படணும்? எனக்குப் புரிஞ்சு போச்சுக்கா. டாக்டரம்மா அவருகிட்ட என்னமோ சொல்லியிருக்காங்க. இந்தப் புள்ள தங்காதுன்னு சொல்லியிருக்காங்க. தங்காத புள்ள தலையில யாரு கை வைப்பா? என்கிட்டச் சொல்லத் தைரியம் இல்லாமத்தான் தராசு தராசுன்னு எதையோ பேசுறாரு.

அதான் காலைல அவரு டீக்கடைக்குப் போனதும் தூக்கிட்டுக் கெளம்பிட்டேன். மதுரையில மூக்கு வழியா டியூப் போட்டு நேரா வயித்துக்கே சாப்பாடு எறக்குவாங்களாம். அதைப் போட்டு விடச் சொல்லிக் கேக்கப் போறேன். வாயத் தெறக்க வேண்டாம், மூக்கைப் புடிக்க வேண்டாம், வாந்தியும் வராதாமே? எனக்குப் பயமாத்தான் இருக்கு. அவ்வளவு சின்ன மூக்குல எப்படிப் போடுவாங்களோ. ஆனா இவ இல்லாமப் போறதை விட அது எவ்வளவோ மேலு இல்லையா?

மதுரை வந்துருச்சு போல. அக்கா, ஒரு நிமிசம் புள்ளைய வாங்கிக்கங்க, மேல இருக்குற பையை எடுத்துக்கறேன். பாத்து, கழுத்தைத் தாங்கிப் புடிங்க. தூங்குறா.

என்னது? கனமா இருக்காளா? நல்லா கனமாத்தான் இருக்காளா?

இருங்க, இருங்க. குடுங்க இங்க. தாரு, எந்திரி. எந்திரிடி. மறுபடியும் என்ன எடுத்துப் போட்டுக்கிட்டு வந்த? இந்தப் பையைக் காட்டு. அந்தப் பை. கையை விரி, ரெண்டு கையும். இடுப்புல என்ன?

ஒண்ணும் இல்லையேக்கா.

ஏன்டி வெறிச்சுப் பாக்குற? சத்தமாச் சொல்லு, கேக்கல. பாருங்கக்கா இவளை. தன் தலையில தானே கைய வச்சுக்கிட்டு, "சத்தியமா ஒண்ணும் வைக்கலம்மா, நான் மட்டுந்தான்"ங்குறா.

அவங்க அப்பா வைக்கப் பயந்த தலைக்கா.

மறுபடியும் போனு. நீங்க எடுங்கக்கா. என்னால முடியல. தராசைப் பத்தி என்னமோ சொல்லணும்னு சொன்னாரே, என்னன்னு நீங்களே கேளுங்க. கேட்டுட்டு என்கிட்ட மெதுவாச் சொல்லுங்க.